பலாவா, வெண்ணெயா

சலவைப் பிரிவில் சட்டம் ஒன்றே ஒன்றுதான். கதையின் முடிவை யாரும் யாருக்கும் சொல்லக் கூடாது. வாய் தவறிச் சொல்லிவிட்டால், எலாஸ்டிக் வைத்த விரிப்புகள் அத்தனையையும் அன்று சொன்னவளே மடிக்க வேண்டும். மடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த விரிப்புக்கு மூலையும் கிடையாது, மானமும் கிடையாது. எந்தப் பக்கம் பிடித்தாலும் சுருண்டுகொள்ளும். அதற்குப் பயந்தே மூன்று பெண்களும் வாயைக் கட்டிக்கொண்டு கதை பேசினார்கள்.

சலவைப் பிரிவு ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் இருந்தது. ஜன்னல் என்று சொல்லிக்கொள்ளக் கூரையை ஒட்டி ஒரு நீளக் கண்ணாடி. அதன் வழியே, வாசலுக்குப் போகிறவர்களின் முழங்காலுக்குக் கீழே மட்டும் தெரியும். மற்றபடி உலகம் அவர்களிடம் அழுக்குத் துணியாகத்தான் வந்து சேர்ந்தது. நோயாளிகள் தலையணைக்கு அடியில் வைத்து மறந்த நாவல்களும் அந்தத் துணியில் சுருண்டு கீழே வந்து விழும். அதில் பாதிக்கு மேல் காதலும் கொலையும் கலந்த கதைகள். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு அதுதான் இறங்கும் போலும். சுடுநீர்க் குழாய்க்கு மேலே ஒரு பலகை அடித்து, ஈரப் புத்தகங்களைக் காயவைத்து அடுக்கியிருந்தார்கள். ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு இப்படி ஒரு நூலகம் நடப்பதே தெரியாது.

பெரிய விரிப்பை மடிக்க இருவர் வேண்டும். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நிற்க வேண்டும், உதற வேண்டும், பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து மூலைகளைச் சேர்க்க வேண்டும். துணி உலர்த்தும் மெஷின் போடும் சத்தத்தில் தள்ளி நிற்கும்போது எதுவும் காதில் விழாது. மூலையும் மூலையும் சேரும் அந்த நேரத்தில்தான் பேச்சு. அதனால் அங்கே கதைகள் எல்லாமே துண்டு துண்டாகத்தான் சொல்லப்பட்டன. "அவ கதவைத் திறந்தா..." என்று ஒருத்தி சொல்லிவிட்டு அடுத்த விரிப்பை எடுக்கப் போய்விடுவாள். கேட்டவள் தவித்துக்கொண்டு நிற்பாள். தவிக்கவைப்பதில் அவர்களுக்கு ஓர் அல்ப சந்தோஷம்.

மூவரில் மூத்தவள் பெரியக்கா. முப்பது வருடக் குடித்தனம். கணவர் குறட்டை விடுவதைத் தவிர வேறெந்த மர்மமும் இல்லாதவர். கிழிந்த துணிகளைத் தையல் மெஷினில் தைப்பவள் ஊசி. தைப்பதால் மட்டும் வந்த பெயர் அல்ல அது. மூன்றாமவளைக் கடைசிப்பக்கம் என்று கூப்பிட்டார்கள். எந்தப் புத்தகம் கைக்கு வந்தாலும் முதலில் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கு வருவாள். மற்ற இருவருக்கும் அது பஞ்சமாபாதகம். ஆனாலும் உள்ளுக்குள் அவள்மேல் ஒரு மரியாதை. பலகையில் இருந்த எல்லாக் கதையும் எங்கே போய் முடிகிறது என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

கதாநாயகர்களை அவர்கள் இரண்டு வகையாகப் பிரித்துவைத்திருந்தார்கள். பலா, வெண்ணெய். பலா என்றால் முரடன். பேசினால் எரிந்து விழுவான், கதவைப் பூட்டுவான், அவனுடைய பழைய வாழ்க்கையில் ஒரு பிணம் கிடக்கும். கதை முழுக்க அவன்தான் கொலைகாரன் என்று தோன்றும். கடைசியில் பார்த்தால் மேலே முள், உள்ளே சுளை. வெண்ணெய் என்றால் முதல் பக்கத்திலிருந்தே இனிக்க இனிக்கப் பேசுகிறவன். கொலைகாரன் அவன்தான். இதில் அவர்கள் ஒருதரம்கூட ஏமாந்ததில்லை.

"அந்தக் கலங்கரை விளக்கம் கதையைப் படிடி. என்னா பலாங்கிற! ஒரு கண்ணு வேற கிடையாது அவனுக்கு" என்பாள் பெரியக்கா.

"எனக்கு அந்த ரெட்டைப் பிள்ளைங்க கதைதான். எவன் புருஷன், எவன் கொழுந்தன்னு அவளுக்கே தெரியாது" என்பாள் கடைசிப்பக்கம்.

"தெரியாமலேயே இருந்திருந்தா நிம்மதியா இருந்திருப்பா" என்பாள் ஊசி, நூலைப் பல்லால் கடித்தபடி.

கடைசிப்பக்கத்துக்குக் கல்யாணம் ஆகவில்லை. தம்பி வீட்டில், சமையலறைக்குப் பின்னால் தடுத்த ஓர் அறையில் இருந்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் பலகாரத்தைப் புகழ்ந்துவிட்டுப் போனதோடு சரி. எந்த ஆணும் அவளுக்கு நல்லதும் செய்ததில்லை, கெட்டதும் செய்ததில்லை. ஆண்களைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கடைசிப் பக்கத்தில் அவர்கள் எப்படி இருப்பார்கள் என்பதுதான். அங்கே எல்லோரும் நல்லவர்களாக, கலங்கிய கண்ணோடு, கதாநாயகியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இந்தப் படிப்பை வைத்துக்கொண்டு அவள் அறிவுரை சொல்லக் கிளம்பினாள் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

மழைக்காலத்தில் நான்காவதாக ஒருத்தி வந்து சேர்ந்தாள். சின்ன வயது. எப்போதும் முழுக்கைச் சட்டை. அவளைப் புதுசு என்று கூப்பிட்டார்கள். விரிப்பை உதறும்போது இடது கையை அவள் தோளுக்கு மேல் தூக்க மாட்டாள். ஒரு பக்கம் தொங்கிப் போய் மடிப்பு கோணலாகும். "பொழுதன்னைக்கும் சாப்பிடாத மாதிரி பிடிக்கிறியே, நல்லாத் தூக்குடி" என்று பெரியக்கா சத்தம் போடுவாள். புதுசு சிரித்து மழுப்பிவிடுவாள். சோம்பேறி என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

ஆனால் அவள் கணவனைக் கண்டு மூவரும் சொக்கிப்போனார்கள். வேலை முடிகிற நேரத்துக்குச் சரியாகக் கூரைக் கண்ணாடியில் பளபளவென்று இரண்டு கறுப்பு ஷூவும் ஒரு குடைநுனியும் வந்து நிற்கும். மழை இல்லாத நாளிலும் குடை. வெளியே போனால், "வாங்கக்கா, சாப்பிட்டீங்களா? இவ ஒழுங்கா வேலை செய்றாளா?" என்று எல்லோரையும் விசாரிப்பான். மனைவி கையிலிருந்த பையை வாங்கி, அதைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டுத் தோளில் மாட்டிக்கொள்வான்.

"எங்க வீட்டு மனுஷன் ஒரு நாள், ஒரே ஒரு நாள் வந்து நின்னிருப்பாரா?" என்று பெரியக்கா பெருமூச்சு விடுவாள். பையைத் திறந்து பார்த்ததை ஊசி மட்டும் கவனித்தாள். கவனித்ததைச் சொல்லவும் சொன்னாள். "சாப்பாட்டு டப்பா இருக்கான்னு பார்ப்பான், அதுக்கு ஒரு குத்தமா?" என்று பெரியக்கா அவள் வாயை அடைத்தாள்.

நாலு பேராகிவிட்டால் நாலு பேரும் கதை சொல்ல வேண்டும். புதுசுக்குப் படிக்கும் பழக்கமில்லை. ஆனால் விட்டால்தானே? "ஒண்ணாவது படிச்சிருப்பேல்ல? அதைச் சொல்லு" என்று கடைசிப்பக்கம் விரிப்பின் மறுமூலையிலிருந்து வற்புறுத்தினாள். புதுசு இன்னும் இரண்டு விரிப்புகளை மடித்தாள். அப்புறம் மூலைகள் சேர்ந்தபோது, "ஒண்ணு இருக்குக்கா. அட்டை கிழிஞ்சது. பேர் தெரியல" என்றாள்.

கதை இது. ஒருவன். மாடி வீடு. அவனுடைய முதல் மனைவி மாடிப்படியில் விழுந்து செத்துப்போனவள். அவன் இரண்டாவதாக ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வருகிறான். வெளியே போகும்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறான். பால்காரனிடம் அவள் ஒரு வார்த்தை சிரித்துப் பேசியதற்காகக் கையிலிருந்த கோப்பையைச் சுவரில் அடித்து உடைக்கிறான். ராத்திரி அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். மறுநாள் புதுத்துணி வாங்கி வருகிறான்.

"அசல் பலா!" என்றாள் பெரியக்கா, தொடையில் தட்டிக்கொண்டு. "அழுதான் பாரு, அங்கதான் நிக்கிறான்."

"பலான்னா என்னக்கா?" என்று புதுசு கேட்டாள்.

மூவரும் போட்டிபோட்டு விளக்கினார்கள். முள்ளும் சுளையும். சந்தேகமும் கடைசியில் தெளிவும். புதுசு விரிப்பை மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டாள். அப்படி ஒரு கவனத்தோடு அவர்கள் பேச்சை அதுவரை யாரும் கேட்டதில்லை. அதில் மூவருக்கும் தலைகால் புரியவில்லை.

அன்றிலிருந்து தினமும் ஒரு துண்டு. அவன் அவளுடைய போனை வாங்கி வைத்துக்கொண்டான். பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள், முதல் மனைவி செத்த அன்று மாடியில் சத்தம் கேட்டது என்று காதில் சொல்லிவிட்டுப் போனாள். இரண்டாமவள் இப்போது மாடிப்படியில் இறங்கும்போதெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறாள். பெரியக்கா சாப்பாட்டு நேரத்தையே மறந்தாள். படித்த புத்தகங்கள் எல்லாம் இந்தப் பெயர் தெரியாத புத்தகத்துக்கு உறை போடக் காணாது என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். கடைசிப்பக்கத்துக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

"அந்தப் புஸ்தகத்தை ஒரு நாள் கொண்டு வாடி. கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்துட்டுத் தந்துடறேன்."

"அது இன்னும் வரலக்கா" என்றாள் புதுசு.

கிழிந்த புத்தகம், முடிவுப் பகுதி கிடைக்கவில்லை போலும் என்று கடைசிப்பக்கம் எடுத்துக்கொண்டாள். அப்படி எத்தனையோ புத்தகங்கள் அந்தப் பலகையிலேயே இருந்தன. வேறெப்படியும் நினைக்க அவளுக்கு வரவில்லை.

ஒரு வியாழக்கிழமை, கடைசி வண்டித் துணியை மடித்துக்கொண்டிருந்தார்கள். புதுசு தன் கதையை ரயிலடிக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். அந்த இரண்டாமவளுடைய அக்கா வேறு ஊரில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை ரயிலுக்கு வந்துவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். அவள் இரண்டு துணியைச் சுருட்டி அரிசி டின்னுக்குள் ஒளித்துவைத்திருக்கிறாள்.

"போறாளா இல்லையா?" என்றாள் பெரியக்கா.

"அந்தப் பக்கத்துலதான் நிக்கிறேன்" என்றாள் புதுசு. "நீங்க சொல்லுங்களேன். போலாமா?"

இப்படிக் கேட்டால் போதாதா! தையல் மெஷினை நிறுத்திவிட்டு ஊசிதான் முதலில் சொன்னாள். "நானா இருந்தா ஏறிடுவேன். சுளையாவது மண்ணாங்கட்டியாவது."

"உன்கிட்ட கேட்டா கதை ரெண்டாவது பக்கத்துலேயே முடிஞ்சிரும்" என்று பெரியக்கா சீறினாள். "ரயிலேறிப் போறவ எல்லாக் கதையிலயும் மாட்டிக்குவா. வில்லன் ரயில்லதான் இருப்பான். வீட்டுல இருக்கிறவன் இவளைத் தேடி மழையில ஓடி வருவான். எத்தனை படிச்சிருக்கோம்!"

புதுசு கடைசிப்பக்கத்தைப் பார்த்தாள். அந்த விரிப்பின் இரண்டு மூலை இவள் கையில், இரண்டு மூலை அவள் கையில். நடந்து வந்து சேர்ந்தார்கள். கை கையில் பட்டது. புதுசின் விரல்கள் சில்லிட்டிருந்தன.

"அவன் பலாதானேக்கா? நீங்கதான் எல்லாக் கடைசிப் பக்கமும் படிச்சவங்க."

கடைசிப்பக்கத்துக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அவளிடம் யாரும் எதையும் தீர்ப்புக்குக் கொண்டுவந்ததில்லை. தம்பி வீட்டில் குழம்புக்கு உப்புப் போதுமா என்றுகூடக் கேட்க மாட்டார்கள்.

"பலாதான், சந்தேகமே வேண்டாம்" என்றாள். "முதல் பெண்டாட்டி தானா விழுந்திருப்பா. இவன் மனசு ஒடிஞ்சு கிடக்கான், அதான் பூட்டுறான். இவ நம்பிப் பக்கத்துல உட்காரணும். கடைசிப் பக்கத்துல அவன் இவ கையைப் பிடிச்சுக்கிட்டு இருப்பான், பாரு."

புதுசு தலையசைத்தாள். வந்த நாளிலிருந்து முதல்தடவையாக அவள் முகம் தெளிந்தது. கூரைக் கண்ணாடியில் கறுப்பு ஷூ வந்து நின்றது. அவள் பையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

வெள்ளிக்கிழமை வேலைக்கு வந்தாள். சனிக்கிழமையும் வந்தாள். ரயில் போய்விட்டிருந்தது. திங்கட்கிழமை அவள் வரவில்லை. அவன் வந்தான். வாசலில் நிற்கிற ஷூவாக இல்லாமல், படியிறங்கி நேராக உள்ளேயே வந்தான். கண்கள் சிவந்திருந்தன.

"அக்கா, அவ நேத்து மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டா. மேல மூணாவது வார்டுலதான் படுத்திருக்கா. உங்ககிட்ட சொல்லச் சொன்னா" என்றான். போகும்போது குடையை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனான்.

மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. பெரியக்கா மடித்துவைத்த அடுக்கின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மாடிப்படி. அரிசி டின். வரவே வராத கடைசிப் பக்கம். தூக்க முடியாத இடது கை. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து உறைத்தன. கதையில் வந்தவன் முரடன், வாசலில் நின்றவன் இனிக்க இனிக்கப் பேசுகிறவன். இரண்டு பேரும் ஒருவன்தான் என்று இத்தனை நாவல் படித்த மூன்று மரமண்டைகளில் ஒன்றுக்கும் தோன்றவில்லையே! அவர்களுடைய பட்டியலில் அப்படி ஒருவனுக்கு இடமே இல்லை. ஊசி ஒரு கிழிந்த துணியை எடுத்துத் தைக்கப் போனாள். அவள் திட்டியிருந்தால்கூடக் கடைசிப்பக்கத்துக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

துணி கொண்டுபோகிற சாக்கில் கடைசிப்பக்கம் மூன்றாவது வார்டுக்கு ஏறினாள். புதுசின் தலையில் கட்டு, இடது கையில் மாவுக்கட்டு, கண்ணுக்குக் கீழே கன்றிப்போன நீலம். பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவன் அவளுடைய வலது கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். நர்ஸ் வந்து, "ராத்திரி பூரா கண் மூடல இவரு. இப்படி ஒரு ஆளைப் பார்க்கவே முடியாது" என்றாள். தான் சொன்ன கடைசிப் பக்கத்தைக் கடைசிப்பக்கம் அப்படியே, எழுத்துப் பிசகாமல் கண்ணால் பார்த்தாள்.

"விரிப்பு மாத்தணும். வெளிய நில்லுங்க" என்றாள். அவன் சிரித்துக்கொண்டே எழுந்து வெளியே போனான்.

அவள் குனிந்தாள். "அது புஸ்தகம் இல்லையாடி?"

புதுசு கதவுப் பக்கம் பார்த்தாள்.

"அவன் பலா இல்லடி. நான் தப்பாச் சொல்லிட்டேன். எனக்கு ஒண்ணும் தெரியாது, புரியுதா? உங்கக்காவுக்கு நான் சொல்லி அனுப்பறேன். நீ போயிடு."

"கொஞ்சம் கோவத்துலதான் தள்ளிட்டார்க்கா" என்றாள் புதுசு. உதடு வீங்கியிருந்ததால் சொற்கள் குழறின. "அப்புறம் எப்படி அழுதார் தெரியுமா? நீங்க சொன்னீங்கல்ல, அதேதான். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. முடிவு இனிமேதான் வரும்."

கடைசிப்பக்கம் சொன்னாள். நேராக ஹெட் நர்ஸிடம் போய், அழுதுகொண்டே, கதை கேட்டதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். முதலில் பாதி விளங்காவிட்டாலும் ஹெட் நர்ஸ் கெட்டிக்காரி. பழைய காயங்களைக் குறித்துத் தனக்கும் சந்தேகம் இருந்ததாகச் சொல்லி, ஒரு பெண் போலீஸ் அதிகாரியை வரவழைத்தாள். அவனை மருந்து வாங்க அனுப்பிவிட்டு அதிகாரி கட்டிலோரம் உட்கார்ந்தாள். கடைசிப்பக்கம் பக்கத்துக் கட்டிலின் விரிப்பைச் சரிசெய்வதுபோல நின்றாள்.

"பயப்படாம சொல்லும்மா. உன் வீட்டுக்காரர் உன்னை அடிக்கிறாரா?"

"இல்ல மேடம். நானாத்தான் விழுந்தேன்."

"அவர் எப்படிப்பட்டவர்?"

புதுசு யோசித்தாள். சரியான பதில் ஞாபகம் வந்த பள்ளிக்கூடப் பிள்ளையாக அவள் முகம் மலர்ந்தது.

"அவர் பலாப்பழம் மேடம்."

"என்னது?"

"மேல முள்ளு. உள்ள சுளை. இந்த அக்காவைக் கேளுங்க. எல்லாக் கதைக்கும் கடைசிப் பக்கம் படிச்சவங்க. அவங்கதான் சொன்னாங்க."

அதிகாரி திரும்பிப் பார்த்தாள். "நீங்கதானே புகார் கொடுத்தது? நீங்களேதான் இதையும் சொன்னீங்களா?"

"சொன்னேன் மேடம். ஆனா அது புஸ்தகம்னு நினைச்சு..." அடிபட்டவளே இல்லை என்கிறபோது தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று அதிகாரி எழுந்துகொண்டாள். போகிற போக்கில் கடைசிப்பக்கத்தை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தாள். ஜென்மத்துக்கும் போதும் அந்தப் பார்வை.

புதுசை வீட்டுக்கு அனுப்பிய அன்று மழை கொட்டியது. அவளை வாசல் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அவன் மறுபடி கீழே இறங்கி வந்தான்.

"இனிமே அவளை வேலைக்கு அனுப்பப் போறதில்லக்கா. வீட்டுல தனியாத்தான் இருப்பா. உங்ககிட்ட நல்ல நல்ல கதைப் புஸ்தகம் இருக்காமே? ஒண்ணு கொடுங்களேன், படிச்சுக்கிட்டு இருக்கட்டும்."

பெரியக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஊசியின் கத்தரிக்கோல் நின்றது. கடைசிப்பக்கம் பலகையிடம் போனாள். புதுசின் கதைபோல இல்லாத ஒரு கதை, ரயிலேறிப் போய்விடுகிற ஒருத்தியின் கதை, ஒன்றே ஒன்று கிடைத்தால் போதும். ஒவ்வொன்றாக உருவிக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். கலங்கரை விளக்கத்தில் ஒற்றைக் கண்ணன் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். இரட்டையரில் நல்லவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். பலகை முழுக்க அவன்தான் நின்றான். அவள் தலைமேல் வைத்துக் கொண்டாடிய அத்தனை புத்தகத்திலும் ஊர் போய்ச் சேர்ந்தவள் ஒருத்தியும் இல்லை.

முதுகை அவன் பக்கம் திருப்பி நின்று, கையில் இருந்த புத்தகத்தின் கடைசித் தாளைக் கிழித்தாள். மெஷின் சத்தத்தில் அது கேட்கவில்லை. மிச்சத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். பையைத் திறந்து பார்க்கும் அதே விரலால் அவன் புரட்டிப் பார்த்தான்.

"கடைசிப் பக்கம் இல்லையேக்கா?"

"இங்க வர்ற புஸ்தகமெல்லாம் அப்படித்தான்" என்றாள். "அதை அவளே நினைச்சுக்கட்டும்னு சொல்லுங்க."

அவன் சிரித்தபடி நன்றி சொல்லிவிட்டுப் படியேறினான். சற்று நேரத்தில் கூரைக் கண்ணாடியில் கறுப்பு ஷூ தெரிந்தது. அதையொட்டி, தரையில் பாவியும் பாவாமலும், இரண்டு செருப்புக் கால்கள். அவை ஒருதரம் நின்றன. குடைநுனி திரும்பியது. கால்கள் மறுபடி நடந்தன.

கடைசிப்பக்கம் கிழித்த தாளைச் சோப்புநீர்த் தொட்டியில் போட்டாள். எழுத்துகள் கரையவில்லை, அச்சு மை நல்ல மை. அவள் எலாஸ்டிக் விரிப்புகள் குவிந்திருந்த கூடையை இழுத்து, யாரும் சொல்லாமலேயே, ஒருத்தியாக மடிக்கத் தொடங்கினாள்.